நானும் அந்த மேசையில்தான் இருந்தேன், மேகலா

என் மேகலாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன்னிடம் மனதுக்குள்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது காகிதத்தில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் லேபில் நடந்த ஒரு விஷயத்தை ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். உன்னிடம் சொல்வதுபோலச் சொன்னால்தான் என்னால் பொய் கலக்காமல் சொல்ல முடியும். பக்கத்தில் நிற்பவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

லேப் அதே பிரேசர் டவுன் மாடியில்தான் இருக்கிறது. ஜன்னல் ஓரத்து மைக்ரோஸ்கோப்பும் இருக்கிறது. ஆனால் பாதி வேலையை இப்போது புது மெஷினே பார்த்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு இன்னமும் அந்த நீள மேசைதான். ஏழெட்டுப் பேர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழ், கன்னடம், ஹிந்தி எல்லாம் கலந்து கத்துவோம்.

உனக்குத் தெரியாத ஒருத்தியை முதலில் சொல்ல வேண்டும். மிசோரம் பெண், இருபத்து நான்கு வயது. ரத்தம் எடுக்கும் வேலைக்கு வந்தவள். கைக்குழந்தையாக இருந்தாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள். பெயர் லால்ரின்பூயி. அது வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே 'ரின்னி' ஆக்கிவிட்டோம். அவளைக் கேட்டுச் செய்யவில்லை.

தேவராஜ் அண்ணனைப் பற்றி உனக்கே தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உன் ஊர்க்காரர். அவர் அப்பாவும் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர்தான். நம் இரண்டு பேருக்கும் ஸ்லைடு பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்றுக்கு இரண்டு தடவை போய்ப் பிளேட்லெட் கொடுத்தவர். ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. அவர் நல்லவர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அதனால்தான் இது இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

லேபுக்குப் பின்னால் பிரவுனி என்று ஒரு தெருநாய் இருக்கிறது. ரின்பூயிதான் அதற்குத் தண்ணீர் வைப்பாள். ஒருநாள் அதைக் காணவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவள் எல்லாரையும் பார்த்துக் கேட்டாள்: "பிரவுனியை யாராவது பார்த்தீர்களா?"

தேவராஜ் அண்ணன் தன் உடைந்த ஹிந்தியில் பதில் சொன்னார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எங்களைக் கேக்கறியா? நீதாம்மா சொல்லணும். நேத்து உங்க ரூம்ல இன்னா குழம்பு?"

அவள் ஊர்ப்பக்கம் நாய்க்கறி தின்பார்கள் என்ற பேச்சு எல்லாருக்கும் தெரியும். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன், மேகலா. வாயில் சோறு இருந்தது. புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். ரின்பூயியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு டப்பாவை மூடினாள். பாதிச் சாப்பாடு அதில் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். பசியில்லைபோல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நாய் வந்துவிட்டது. கருத்தடை செய்வதற்காகக் கார்ப்பரேஷன் வண்டியில் பிடித்துப் போயிருக்கிறார்கள். காதில் ஒரு சின்ன வெட்டோடு படிக்கட்டில் படுத்திருந்தது. ரின்பூயி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைத் தட்டிச் சொன்னேன்: "பாத்தியா, நீ நிரபராதின்னு ப்ரூவ் ஆயிடுச்சு!"

அன்பாகத்தான் சொன்னேன். அவள் பக்கம் நின்று பேசிவிட்ட திருப்தியோடு உள்ளே போனேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் எழுத்தில் புகார் கொடுத்தாள். விசாரிக்க மூன்று பேரைப் போட்டார்கள். மேனேஜர் வீணா மேடம், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர், சீனியர் பெண் ஊழியர் என்ற கணக்கில் நான். வீணா மேடம் அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்து, "ஏனு மாடோது, ஜெசி?" என்று கன்னடத்தில் பெருமூச்சு விட்டார். என்ன செய்வது என்று எனக்கு மட்டும் தெரியுமா?

முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். தேவராஜ் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். கடைசியில் மூன்று வரி: "நாய் திரும்பி வந்தது. அன்று ஒரு சீனியர் என்னிடம் நான் நிரபராதி என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொன்னார். அதுவரை என் மேல் ஒரு வழக்கு இருந்தது எனக்குத் தெரியாது."

அந்த சீனியரின் பெயரை எழுதவில்லை.

அவள் மறந்துவிட்டாளா? பயமா? நான் கமிட்டியில் இருப்பேன் என்று தெரிந்தே விட்டுவிட்டாளா? வீணா மேடம் கேட்டார்: "யாருப்பா அந்த சீனியர்?" நான், "தெரியல மேடம், விசாரிக்கலாம்" என்றேன். ஒரு நொடியில் வந்த பொய். அதற்குப் பிறகு ஐந்து நாள், யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கென்றிருந்தது.

முதல் கூட்டத்தில் தலைமை அலுவலகத்துக்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். புண்படுத்தும் நோக்கம் இருந்ததா, அந்த இடத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தாரா, முன்பும் இப்படி நடந்ததா என்று வரிசையாகக் கட்டங்கள். வீணா மேடம் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "அவளும்தானே சிரிச்சா? எல்லாரும் சொல்றாங்க. இதை ரேசிஸம்னு எழுதினா அந்த மனுஷன் கதி என்ன ஆகும்? ஜோக்குக்கும் அதுக்கும் நடுவுல கோடு எங்க போடறது?"

எனக்கும் அதே கேள்விதான். நல்ல மனிதர் சொன்ன கெட்ட பேச்சை எந்தத் தராசில் போடுவது? மனதில் விஷம் இல்லை என்றால் வார்த்தையில் விஷம் இல்லாமல் போய்விடுமா? இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதே என் மனதின் ஒரு மூலை, அண்ணன் தப்பித்தால் நானும் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரத்தில் சர்ச் முடிந்து வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே தன் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஷேவ் செய்யாத முகம்.

"இன்னா ஜெசி, நான் கொலையா பண்ணிட்டேன்? அந்தப் பொண்ணுக்கு நான் எத்தினி வாட்டி ஷிஃப்ட் மாத்திக் குடுத்திருக்கேன். என்னைப் போயி ரேசிஸ்ட்டுன்றாங்க."

"அவங்க மனசு புண்பட்டுருச்சு அண்ணே."

"எனக்குப் படலையா? இந்த ஊர்ல என்னை எத்தினி பேரு 'கொங்கா'ன்னு கூப்பிட்டிருக்கான். தமிழன்னா அப்படித்தான் கூப்பிடுவானுங்க. நான் சிரிச்சிக்கினே போவல? கம்ப்ளெயின்ட்டா எழுதினேன்?"

"யாரு கூப்பிட்டாங்க, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்ல? சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட். டிக்கெட் கேட்டேன் தமிழ்ல. கண்டக்டர் சொன்னான், பஸ்ஸே சிரிச்சிது. பக்கத்துல என் வொய்ஃபு, கல்யாணம் ஆயி ரெண்டு மாசம். புது நீலச் சட்டை போட்டிருந்தேன்."

"எத்தனை வருஷம் ஆச்சு அண்ணே?"

அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று இருவருக்குமே தெரியும். முகம் சிவந்து, "நீயும் அவங்க கூடச் சேந்துட்டே, இல்ல?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

சிரித்துக்கொண்டே போனவருக்குச் சட்டையின் நிறம் மறக்கவில்லை. அந்த யோசனையோடே வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் ஒன்று தோன்றியது. அந்தக் குழம்புக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டிருக்க முடியுமா? வீணா மேடத்திடம்? அந்த மேசையில் அது ஒரே ஒருத்திக்கு மட்டும்தான் பொருந்தியது. அவள் செய்த எதனாலும் அல்ல. அவள் முகத்தாலும் ஊராலும். எதிர்ப்புச் சொன்னாளா என்று படிவம் கேட்கிறது. ஏழு பேர் சிரிக்கும் மேசையில் எட்டாவது ஆள், வேலைக்கு வந்து வருஷம்கூட ஆகாதவள், சிரிக்காமல் வேறு என்ன செய்வாள்?

இந்த இடத்தில்தான் நீ வந்து நின்றாய், மேகலா.

மல்லேஸ்வரத்தில் உனக்கு வீடு பார்க்கப் போனோமே, அந்த நாள். தினமும் விடியுமுன் எழுந்து ஊரிலிருந்து ரயில் பிடித்து வந்ததில் உனக்கு உடம்பு தேய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா நம்ம தமிழ்க்காரர்தான். காபி எல்லாம் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். நீ கேஜிஎஃப் என்றாய். அவர் முகம் சுருங்கியது. "ஓ, அந்தச் சுரங்க லைன் வீட்டு ஆளுங்களா? அங்கல்லாம் ஒரே குடியும் சண்டையும்னு சொல்வாங்களே" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "ஐயோ, இவ அப்படி இல்ல ஆன்ட்டி. ரொம்ப சுத்தமா இருப்பா. பாத்தாலே தெரியலியா?"

நீ சிரித்தாய். வீடு கிடைத்தது. நீ அங்கே நான்கு வருஷம் இருந்தாய். என்னால்தான் அந்த வீடு கிடைத்தது என்று நான் எத்தனை பேரிடம் பெருமையடித்துக்கொண்டேன்! ஆனால் அன்று திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பியவள் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

இவள் அப்படி இல்லை என்றால், மற்றவர்கள் அப்படித்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? உன் அப்பா, உன் தம்பி, உன் தெரு, எல்லாரையும் அந்த அம்மாவிடம் காட்டிக்கொடுத்துவிட்டு உன்னை மட்டும் வெளியே இழுத்தேன். ரின்பூயியிடமும் அதைத்தான் செய்தேன். குற்றச்சாட்டே அநியாயம் என்று சொல்லத் தோன்றவில்லை. விடுதலை வாங்கிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நீ என்னை மன்னித்தாயா? இல்லை, சரி போ என்று விட்டுவிட்டாயா? அதற்குப் பிறகு உன்னிடம் கேட்கப் பன்னிரண்டு வருஷம் இருந்தது. நான் கேட்கவில்லை.

மறுநாள் இரண்டாவது கூட்டம். போய் உட்கார்ந்தேன். வீணா மேடம் பேச ஆரம்பிக்குமுன் சொல்லிவிட்டேன்: "அந்த சீனியர் நான்தான் மேடம். அன்னைக்குத் தெரியலன்னு பொய் சொன்னேன். மேசையில சிரிச்சவங்கள்லயும் நான் இருந்தேன். நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சாட்சியா எழுதிக்குங்க."

தலைமை அலுவலகத்துக்காரர், "அப்படின்னா உங்க கருத்து என்ன, அது ரேசிஸமா?" என்று கேட்டார். "ஆமா சார். அண்ணன் சொன்னது, நான் சொன்னது, ரெண்டும்தான்" என்றேன்.

வெளியே வந்ததும் ரின்பூயியைத் தேடிப் போனேன். ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, அதையும் கேட்டேன்: "என் பேரை ஏன் எழுதலை?"

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை உனக்குத் தமிழில் எழுதுகிறேன். "பெயரை எழுதியிருந்தால் நீங்கள் கடைசி வரை படித்திருக்க மாட்டீர்கள், மேடம். உங்களைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே இருந்திருப்பீர்கள்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என் பெயர் ரின்னி இல்லை. ரின்பூயி என்று கூப்பிடுங்கள். அதுவே போதும்" என்றாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். நான் வழிவிட்டு நகர்ந்தேன்.

முடிவு இதுதான். அண்ணனுக்கும் எனக்கும் எழுத்துமூலம் எச்சரிக்கை. அவர் வேலை போகவில்லை. எல்லார் முன்னாலும் அவளிடம் "சாரிம்மா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். என்னோடு அவர் பேசுவதில்லை. காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். புதுக் கிளையின் பொறுப்பாளராக என் பெயர் போயிருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். மேசையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நிற்கிறது. "பாத்துப் பேசுங்கப்பா, ஜெசி இருக்கா" என்று ஒருத்தி சொன்னாள், அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். ரின்பூயி எங்களோடு சாப்பிடுவதில்லை. வேலையில் கெட்டிக்காரியாக, மரியாதையாக, தூரமாக இருக்கிறாள். அதை மாற்றும்படி அவளைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

நான் செய்தது சரியா என்று இப்போதும் பதைப்பாக இருக்கிறது. உனக்கு ரத்தம் கொடுத்தவரைக் கைவிட்டேனா? வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிப் பார்க்கிறேன். இன்னும் எத்தனை பேரின் தோளை இப்படித் தட்டியிருக்கிறேனோ.

உனக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. உன் மகள் யாழினிக்குச் சண்டிகரில் நர்ஸிங் சீட் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் புறப்படுகிறாள். அங்கே அவள் நிறத்தையும், பேச்சையும், ஊரையும் வைத்து யாராவது ஏதாவது சொல்வார்கள். அதைவிட மோசமாக, அவள் தோழி ஒருத்தி அன்பாக முந்திக்கொண்டு, "இவ அப்படி இல்ல" என்று சொல்வாள். உன் மகள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாக வர வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை ரயிலில், யாழினி இருக்கும் உன் தம்பி வீட்டுக்குப் போகிறேன். அவளை உட்கார வைத்து, உன்னைப் பற்றி அந்த மல்லேஸ்வரம் வீட்டில் நான் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்வேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்று சேர்த்துச் சொல்ல மாட்டேன். அவள் கோபப்பட்டால் எழுந்து வரமாட்டேன். அழுதால் சமாதானம் சொல்லி வாயடைக்க மாட்டேன். அவள் பேசி முடிக்கும்வரை கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, மேகலா.

இன்று வரைக்கும்
உன் மகளுக்குச் சித்தியான,
ஜெசி