ஈசானி மூலையும் நீங்கள் கொடுத்த இரண்டு வாக்கும்

என்னங்க,

நாளைக்குக் கிணறு திறப்பு. "ஐயாவப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடுங்கம்மா, கூட்டத்துல வாசிக்கணும்" என்று சங்கத்துச் செயலாளர் ராவுத்தர் கேட்டிருக்கிறார். உங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. உங்களோடு பேசத்தான் வருகிறது. ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

சமஸ்தானம் போன பிறகு, நீங்களும் வேலையிலிருந்து ஓய்ந்து, ரயில் பாதைக்கு மேற்கே இந்தப் பொட்டலில் மனை வாங்கினீர்கள். அப்போது நம்மோடு சேர்த்து இங்கே இருந்தது நாலைந்து வீடுதான். பிறகு தெருத் தெருவாக வளர்ந்தது. டவுன் ஆபீசில் போய்த் தண்ணீரும் விளக்கும் கேட்டால் எங்கள் எல்லை இல்லை என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டால் நீங்களெல்லாம் டவுன்காரர்கள் என்றார்கள். அதற்காகத்தான் நகர் அபிவிருத்திச் சங்கம் என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள். முள்ளை வெட்டிப் பாதை போட்டதும், தெருமுனைகளில் விளக்குக் கம்பம் நட்டதும் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் நம் வீட்டுக் கூடத்தில் கூட்டம்.

மாசியில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். வருஷம் திரும்பும்வரை நான் வாசல் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் தாண்டவில்லை. ஆனால் சங்கம் வாசல் தாண்டி உள்ளே வருவதை நிறுத்தவில்லை. உங்கள் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நான் அடுப்படிக்குள். கொல்லைக்குப் போவதென்றாலும் கூடத்தைக் கடக்க வேண்டும். கூட்டம் முடிகிறவரை அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் வீட்டிலேயே எனக்கு அவ்வளவு இடம்தான்.

அவர்கள் பேச்செல்லாம் ஒரே பேச்சு. நடுத்தெருவில் இருக்கிற பொது மனை. மண்ணுக்குக் கீழே பாறை. ஈசானி மூலை ஒன்றுதான் கடப்பாரைக்கு இடம் கொடுக்கும். கிணறு வெட்டினால் அங்கேதான் வெட்டியாக வேண்டும் என்று பாதிப் பேர். பிள்ளையார் வைத்தாலும் அங்கேதான் வைக்க வேண்டும் என்று மற்றவர்கள் பிடிவாதம். இரண்டு பக்கமும் சொன்னது ஒன்றேதான்: "ஐயா வாக்குக் குடுத்திருக்காரு."

இரண்டு பக்கத்தார் சொன்னதும் உண்மை. இரண்டு தடவையும் நான் பக்கத்தில் நின்றேனே.

ஜவுளிக்கடைச் சிதம்பரத்தின் மகன் விஷக் காய்ச்சலில் கிடந்தபோது பார்க்கப் போனோம். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "எந்திரிச்சு வாய்யா. ஈசானி மூலையில பிள்ளையார் வைக்கப் போறோம். நீதான் மொத வெளக்கு ஏத்தணும்." பிள்ளை எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு சிதம்பரம் அந்தப் பிள்ளையாரைத்தான் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு என்ன மிச்சம் இருந்தது?

கண்டக்டர் பெண்டாட்டி பவுனு, ரயில் பாதைக்கு அங்கிட்டு இருக்கிற கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வரும்போது சரளையில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு நம் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். அப்போதும் நீங்கள்தான்: "அழுவாத தாயி. அடுத்த கோடைக்கு ஒன் வீட்டு எதுத்தாப்புலயே எறைக்கலாம். ஈசானி மூலையில கெணறு வெட்டிருவோம்."

உங்களுக்கு ஏன் ஒருவரிடமும் இல்லை என்று சொல்ல வரவில்லை? அழுகிறவர்களைப் பார்த்தால் தாங்காதா? அல்லது எல்லாரும் உங்களை நல்லவர் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

சிதம்பரம் ஒருநாள் தனியாக வந்து, அடுப்படி நிலைக்கு வெளியே நின்று கேட்டார்: "அம்மா, ஐயா ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?" மறுநாள் பவுனு வந்து அதையே கேட்டாள். இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் தெரு இரண்டாகும். என்ன செய்வேன்?

சித்திரையில் என் தம்பி திருமயத்திலிருந்து வந்தான். "கெளம்புக்கா. இங்க தனியா உக்காந்து என்ன செய்யப் போற? அங்க புள்ளைக இருக்கு, பேச்சுத்தொணைக்கு ஆளிருக்கு" என்றான். துணிமணியைக் கட்டிவிட்டேன். விஷயம் தெரிந்து ராவுத்தரும் இன்னும் சிலரும் வந்துவிட்டார்கள். "நீங்க போயிட்டீங்கன்னா இந்தக் கூடத்தப் பூட்டணும். கூடத்தப் பூட்டுனா அவுக ஒரு எடத்துல கூடுவாக, இவுக ஒரு எடத்துல கூடுவாக. அப்பறம் அடிதடிதாம்மா" என்றார் ராவுத்தர். தம்பி என்னைப் பார்த்தான். நான் மூட்டையைப் பார்த்தேன். அவன் தனியாகத்தான் பஸ் ஏறினான்.

ஆடியில் ஒரு விடியற்காலை சிதம்பரம் ஆட்கள் அந்த மூலையில் மஞ்சள் பூசிய கல் ஒன்றை நட்டுவிட்டார்கள். பவுனு வீட்டுக்காரரும் அந்தத் தெரு ஆட்களும் கடப்பாரையோடு போய் நின்றார்கள். கூச்சல் என் அடுப்படிவரை கேட்டது. "ஐயா வாக்கு! ஐயா வாக்கு!" இரண்டு பக்கமும் உங்களைச் சொல்லித்தான் கத்தினார்கள்.

தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டேன். தெருவில் இறங்கினதும் வெளிச்சத்தில் கண் கூசியது. என்னைப் பார்த்ததும் கூட்டம் விலகியது.

"ரெண்டு பேரும் சொல்றது நெசந்தான்" என்றேன். "சிதம்பரத்துக்கிட்ட கோயில்னு சொன்னாரு. பவுனுகிட்ட கெணறுன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். யாரு மொகம் வாடுனாலும் அவருக்குத் தாங்காது. கேட்டவுகளுக்கெல்லாம் சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

சிதம்பரம்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப எம்புள்ள கையப் புடிச்சுச் சொன்னது பொய்யாம்மா?"

என்னங்க, அந்தக் கேள்விக்கு நீங்களல்லவா வந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்?

"பொய்யில்லீங்க" என்றேன். "சொன்ன நேரத்துல நெசமாத்தான் சொன்னாரு. பவுனு கையில கட்டுப் போடும்போது சொன்னதும் நெசமாத்தான். ஆனா எடம் ஒண்ணுதான் இருக்கு. என்னைக் கேட்டா, மொதல்ல தண்ணி."

சிதம்பரம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போனார். பிறகு குனிந்து, தாமே அதைப் பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டார். தூக்கிவிட வந்தவர்களை வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போனவர்தான், அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கம் வரவில்லை.

ஆவணியில் வெட்ட ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து மண் சுமந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே ஊற்றுக் கண்டுவிட்டது. கொஞ்சம் துவர்ப்புத்தான், ஆனாலும் பருப்பு வேகிறது. பவுனு முதல் குடத்தை என் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். சிதம்பரத்தின் மனைவி மட்டும் இன்னமும் ரயில் பாதையைத் தாண்டித்தான் போகிறாள். என் வீட்டைக் கடக்கும்போது குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றி, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த நேரத்தில் ஜன்னலருகே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கு நான் வாசல் தாண்டியதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம். சங்கத்துக்காரர்கள் வேறு விதமாகப் பேசினார்கள். உங்கள் நாற்காலியைக் கொண்டுவந்து அடுப்படி நிலைக்கு எதிரே போட்டு, "நீங்கதாம்மா தலைவர்" என்றார்கள். சாக்கடை எந்தப் பக்கம் ஓட வேண்டும், யார் வீட்டு ஆடு யார் வேலியை மேய்ந்தது, எல்லாவற்றுக்கும் இப்போது நான்தான். உண்மை பேசினால் என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் பேசினேன். அதற்காகவே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். தம்பி கடிதம் போடுகிறான். அவன் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நான் பார்க்கவில்லை.

கிணற்று மேடையில் உங்கள் பெயரைக் கல்லில் வெட்டிப் பதிக்க வேண்டும் என்று ராவுத்தர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பெயரைப் படித்துக்கொண்டு சிதம்பரம் வீட்டார் எப்படித் தண்ணீர் இறைப்பார்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று ராவுத்தரிடம் தலைவர் பொறுப்பும் எனக்கு வேண்டாம், திறப்பு விழாவோடு விட்டுவிடுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கும் ஒரு கூட்டம் போட்டுத்தாம்மா முடிவு பண்ணணும்" என்றார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமையாம். நம் வீட்டுக் கூடத்தில்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பாய் விரித்து வைப்பேன். ஆனால் அதற்கு முன்னால் சிதம்பரம் வீட்டுக்குப் போவேன். கோயிலுக்கு வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்று சொல்ல மாட்டேன். என்னிடம் இடம் இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்கள் பேசினால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போவேன், அதற்கு மறுநாளும் போவேன். இது என் வாக்கு. உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் விட்டுப்போன இடத்தில் இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி
அலமேலு