உன் அத்தானின் ரத்தத்தில் நடந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மகளும் உடம்பளவில் நலம். அங்கே நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

உன் அத்தான் போய் நாற்பத்து மூன்று நாளாகிறது. மாநாட்டை விட்டு வர முடியவில்லை என்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. அவர் குழாய் வேலைக்கு எடுத்துப்போகும் முடுக்குச் சாவிகளை, கூட வேலை பார்த்தவர் வந்து வாங்கிப்போனார்.

நடந்ததை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. துருப்பிடித்த கழிவுநீர்க் குழாயைக் கழற்றும்போது கட்டைவிரலில் கீறிவிட்டது. "இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா" என்று கழுவிவிட்டு, வேலையை முடித்துத்தான் வந்தார். மறுநாள் மதியம் காய்ச்சல் கொதித்தது. கை முழங்கைவரை சிவந்து, போர்வை பட்டாலே துடித்தார். உனக்குப் போன் செய்தேன். "சாதாரணக் காய்ச்சலா இருக்கும்க்கா, மாத்திரை குடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாய். படித்தவன் சொல்கிறாய் என்று காத்திருந்தேன். விடிந்தபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கிருமியை மருந்து கொன்றுவிட்டதாம். ஆனால் கிருமி கக்கிய நஞ்சு ரத்தத்தில் தங்கிவிட்டதாம். அந்த நஞ்சு பட்டதும், காவல் காக்கும் வெள்ளணு தன் தோலில் தானே ஓட்டை போட்டுக்கொண்டு, உப்பி வெடிக்குமாம். உள்ளே இருப்பதைக் கொட்டி மற்ற அணுக்களையும் உசுப்பிவிடுமாம். "கொஞ்சமா நடந்தா நல்லதும்மா, கிருமி பரவாது. இவருக்கு உடம்பு முழுக்க நடந்துடுச்சு" என்றார்.

"என் தம்பி பன்னிரண்டு வருஷமா இதைத்தான் ஆராய்ச்சி பண்றான்" என்றேன். "அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

அணுக்கள் வெடிப்பதை நீ படம்பிடித்துப் பரிசு வாங்கினாயே, அதை மகள் தேடிப் பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள். மாமா போன் செய்தால் தன்னிடம் தர வேண்டாம் என்கிறாள்.

உன்மேல் வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அன்று நான் காய்ச்சலை மட்டும் சொன்னேனா, கை சிவந்ததையும் சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. சொல்லவில்லை என்றால் பழி என்னுடையது, சுமந்துகொள்கிறேன். சொல்லியிருந்தேன் என்றால் அதையும் மறைக்காதே. என்னைத் தேற்றவோ உன்னைக் காப்பாற்றிக்கொள்ளவோ எதையும் மாற்றி எழுதாதே.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். பதிலை உன் கையால் எழுதி அனுப்பு. போன் வேண்டாம்.

இன்னமும் உன் அக்காதான்.