இரண்டு பேர் பார்த்த கார்

அரியமங்கலத்தில் விற்பனைக்கு நின்ற ஒரு கருநீலக் காரின் கதவைத் திறந்ததும், வெயிலில் சூடேறிய தோல் சீட்டின் வாசனை முகத்தில் அடித்தது. உடனே உன் நினைப்புதான். ஏழு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு காருக்குள் தலையை விட்டு, "பாக்கறதுக்கு மாப்பிள்ளையாத்துக் கார் மாதிரி சாதுவா இருக்கு. மிதிச்சாத் தெரியும்டி சங்கதி" என்றாயே.

திருவெறும்பூர் தொழிற்சாலையில் நீயும் நானும் வெல்டிங் பரிசோதித்த காலம் முழுக்க நமக்கு இந்தப் பைத்தியம் இருந்தது. மதியச் சாப்பாட்டில் மற்றவர்கள் நகைச்சீட்டு பேசுவார்கள். நாம் ஆறு சிலிண்டர் எஞ்சின் பேசுவோம். புதிது வாங்க நம்மால் ஆகாது. யாரோ ஓட்டிய ஜெர்மன் கார் என்றால் எட்டிப் பிடிக்கலாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அன்று விற்கிறவர் நமக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலீங்களா?" என்றார்.

"அவருக்கு ஸ்கூட்டர்னாலே பயம். எங்ககிட்டயே சொல்லுங்கோ" என்றாய். மனிதர் அதற்குப் பிறகு சாரைக் கேட்கவேயில்லை.

நம் செக்‌ஷன் வழக்கப்படிதான் பார்த்தோம். முதலில் ஒருத்தி பார்ப்பது. அவள் வாயைத் திறக்காமல் விலகிக்கொள்ள, அடுத்தவள் புதிதாகப் பார்ப்பது. முதலில் நான். டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கினேன். கம்பெனியில் வைத்த வெல்டு புள்ளி புள்ளியாக வரிசையில் இருக்கும். இங்கே கோடாக ஓடி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. பின்பக்கமே நசுங்கி, வேறொரு காரின் பாதியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பார்த்தேன். பார்த்துவிட்டுக் கார்ப்பெட்டை மூடினேன். அவ்வளவு ஆசை எனக்கு.

நீ டிக்கியை இரண்டே நிமிடம் பார்த்தாய். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாய். காட்டூரில் என் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "ஃபாக்டரியா இருந்தா இதைப் பாஸ் பண்ணியிருப்பியோ?"

ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. கோபம் உன் மேல் என்று சொல்லிக்கொண்டேன். வெட்கம் என் மேல். கடைசியில் தாங்காமல் ஸ்ரீரங்கத்துக்கு உன் வீட்டுக்கே வந்து, "நான் முன்னாடியே பார்த்துட்டேன்டி" என்று உடைத்துவிட்டேன். நீ காபி ஆற்றுவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும். கார்ப்பெட் ஓரம் சரியா உக்காரலை. விக்கற மனுஷன் மூடியிருந்தா நன்னா அமுக்கியிருப்பான்" என்றாய். பிறகு, "அத்தனை ஆசையிலயும் என்னை அழைச்சிண்டு போனியே. நான் பார்த்தா விட மாட்டேன்னு தெரியாதா நோக்கு?"

அதைக் கேட்டு அழுதேன். நீ இல்லாமல் போன இந்த ஒன்றரை வருடத்தில் அதை நினைத்து இன்னும் பல முறை அழுதிருக்கிறேன்.

இப்போது ஓய்வு பெற்ற கையோடு தனியாக வந்திருக்கிறேன். வயது அறுபது. தரையில் பேப்பரை விரித்து, டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தேன். சுடிதார் முழுக்க கிரீஸ். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான்தான் ஆசைப்பட்டவள் ஆயிற்றே, என்னை நம்பலாமா? எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, எதையுமே பார்க்காதவள் மாதிரி திரும்பி வந்தேன். நீ எப்போதும் பின்னாலிருந்துதான் தொடங்குவாய். நானும் அப்படியே தொடங்கினேன். டிக்கி, கூரையைத் தாங்கும் பின்தூண், கதவு விளிம்பு என்று உன் வரிசையில், உன் பிடிவாதத்தோடு ஒவ்வொரு புள்ளியாக விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை! இந்தத் திருச்சியில் ஒரு காரை இப்படிப் பார்த்து வாங்க நம்மை விட்டால் ஆள் ஏது?

சாவியை நீட்டிய பையன் தயங்கினான். "மெக்கானிக் யாரையும் கூட்டிட்டு வரலீங்களா மேடம்? ஒரே ஆளாப் பாத்து முடிவு பண்ணிட்டீங்களே?"

"ரெண்டு பேர் பார்த்தாச்சு தம்பி" என்றேன்.

"இன்னொருத்தர் யாருங்க?"

உன் பெயரைச் சொன்னேன்.