வீரன் எல்லையில் கழற்றிய பூட்ஸ்

பாடாலூர்,
ஐப்பசி 23, ஞாயிறு

அன்பு மகன் முத்தமிழுக்கு அம்மா சம்பூர்ணம் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் நல்லபடியாக இருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் அப்படியே இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். நல்லாத்தான் இருக்கேன் என்று நீ வாய் கூசாமல் சொன்னாலும் வீடியோவில் உன் கழுத்தெலும்பு எனக்குத் தெரிகிறது, நேரத்துக்குச் சாப்பிடு. மழை இந்த வருஷம் பரவாயில்லை, மக்காச்சோளம் இடுப்பு உயரம் வந்துவிட்டது, படைப்புழுவுக்கு இரண்டு தடவை மருந்து அடித்தாயிற்று. அரியலூரில் உன் அக்கா வேணி வீட்டில் எல்லோரும் சுகம். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் காது கேட்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் உன் அப்பாவுக்கும் கேட்கும். இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. வேணி நாளைக்கு வருகிறாள், இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

ஒரு மாதமாக அப்பா ஏன் போனுக்கு வரமாட்டேன் என்கிறார், என் மேல் என்ன கோபம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் மாடு கட்டப் போயிருக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று சமாளித்துக்கொண்டே வருகிறேன். கோபமில்லை சாமி. எல்லாம் அந்தச் செவ்வாய்ப் படத்தால் வந்தது. ராக்கெட்டில் வேறு கிரகத்துக்குப் போகிற பழைய படம், டைரக்டர் முதலில் நினைத்தபடியே முழுசாக, சுத்தம் பண்ணி வெளியிடப் போகிறார்கள் என்று நீயும் உன் சிநேகிதர்களும் நாலு வருஷமாகக் காத்துக் கிடக்கிறீர்களே, அதேதான். அன்றைக்கு நீ போனில் குதித்துக்கொண்டு சொன்னாய், வெட்டிப்போட்ட அந்தக் கடைசி சீன் மட்டும் இருந்திருந்தா படம் தோத்தே இருக்காதும்மா என்று. கால் வைத்தால் வெந்துபோகும் தரையில் கிரகத்துக்காரன் ஒருவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கிற ஒரே ஒரு போட்டோதான் வெளியே வந்திருக்கிறது, அவன் ஏன் கழட்டினான்னு நான் பத்துப் பக்கம் எழுதியிருக்கேன் என்றாய். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து போன் அடித்தாலே எழுந்துவிடுகிறார். ஏனென்றால் அந்தப் போட்டோவில் இருப்பது உன் அப்பாதான்.

எனக்குக் கல்யாணமான வருஷம் காரை ஊருக்குப் பக்கத்தில் அந்தச் செம்மண் பள்ளத்தில் ஷூட்டிங் நடந்தது. புல் பூண்டு இல்லாத இடம், வேறு கிரகம் என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். நம் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேருக்கு வெள்ளிக் காகிதச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் முகம் தெரியாதபடி ஒரு பெரிய குண்டான். உசரமானவர் என்று அப்பாவை முன்னால் விட்டார்கள். பெண்களெல்லாம் மேட்டில் நின்று பார்த்தோம், எனக்கு வெட்கம் ஒரு பக்கம் சிரிப்பு ஒரு பக்கம். கடைசி நாள், பொழுது சாய்கிறது, பிலிமும் கொஞ்சம்தான் மிச்சம் என்றார்கள். அதுவரைக்கும் வேறு பக்கம் எடுத்தவர்கள் அன்றைக்கு மதுரைவீரன் கல் இருக்கிற பக்கமாக இறங்கி வரச் சொன்னார்கள். அது வீரன் எல்லை, நம் ஆட்கள் யாரும் செருப்போடு மிதிக்க மாட்டோம். உன் அப்பா எல்லை வந்ததும் நின்றார், குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார், கும்பிட்டுவிட்டு நடந்தார். அவர் கழற்றினால் பின்னால் வந்த பதினொரு பேரும் சும்மா இருப்பார்களா, வரிசையாக உட்கார்ந்து கழற்றினார்கள். மேட்டில் நின்ற எங்களுக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. அதற்குள் பிலிம் தீர்ந்துபோனது. டைரக்டர் ஓடி வந்து, தரை நெருப்பா கொதிக்குதுன்னு படம் பூரா சொல்லிட்டு வரேன், என் படத்தையே கெடுத்துட்டியேய்யா என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். உன் அப்பா வாயே திறக்கவில்லை. அந்தத் துண்டை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டார்கள், படம் பத்து நாள்கூட ஓடவில்லை, முடிவே புரியவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு மனுஷன் பிழைப்பு தன்னால் போயிற்று என்று மனசில் போட்டவர்தான், முப்பத்தெட்டு வருஷமாக இறக்கி வைக்கவில்லை. நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். நீ அப்படிப் பேசினதும், பெத்த புள்ளையே நான் கெடுத்தேங்குறான் பாரு சம்பூர்ணம் என்றார். அன்றைக்கு உன் மேல் எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது, பாவம், நீ என்னத்தைக் கண்டாய்.

போன புதன்கிழமை சென்னையிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள், அந்தப் படத்தைச் சரிபண்ணுகிறவர்களாம். டீக்கடையில் அந்தப் போட்டோவைக் காட்டி விசாரித்திருக்கிறார்கள், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான நம் வைரக்கண்ணு மாமா அங்கே இருந்து, மணிவேலு வூடுதானே, வாங்க நானே காட்டுறேன் என்று நேரே கூட்டி வந்துவிட்டார். காரைப் பார்த்ததும் உன் அப்பா மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார், அறுபத்து நாலு வயசில் இந்தக் கூத்து. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். போனில் டைரக்டரை வீடியோவில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எண்பத்தைந்து வயசு, கட்டிலில் சாய்ந்தபடி பேசினார். கத்தினதுக்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். படம் ஓடாததுக்கு நீ காரணமில்லய்யா, நீ நடந்த துண்டைப் பத்து வருஷம் கழிச்சுத்தான் ஒழுங்கா பார்த்தேன், அதை வெட்டினது என் புத்திகெட்டத்தனம், இப்ப படமே அதுலதான் முடியுது என்றார். ஆனா எதுக்குய்யா கழட்டினே, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல என்று கேட்டார். அங்க வீரன் இருக்காருங்க என்றார் அப்பா. டைரக்டர், நான் அங்க நாள் பூரா செருப்போடதானே நின்னேன், ஒருத்தர்கூட சொல்லலையேய்யா என்றார். அதற்கு உன் அப்பா, நீங்க ஊருக்கு வந்தவங்க, உங்களுக்கு அந்தக் கட்டு இல்லைங்க என்று சொன்னார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்கும் அடக்க முடியவில்லை.

அன்றைக்கு உன் அப்பா ஒரு மாதத்துக்குப் பிறகு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. முத்தமிழு கிட்ட நானே சொல்லணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல என்கிறார். போன் அடித்தால் இப்போது கையில் எடுக்கிறார், எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிடுகிறார். அதனால் இந்தத் தடவை நீ அப்பாவைக் கூப்பிடச் சொல். காரைப் பக்கம் அந்தக் காலத்துல ஏதோ ஷூட்டிங் நடந்துச்சாமேப்பா என்று ஒன்றும் தெரியாதவன் போல் கேள். இழுத்து இழுத்துத்தான் சொல்வார், நடுவில் மாட்டைப் பற்றி ஆரம்பித்துவிடுவார், அவசரப்படுத்தாதே. அதுவரைக்கும் உன் சிநேகிதர்களிடம் ஒரு வார்த்தை விடாதே, உனக்கு நாக்கு துடிக்கும், கடித்துக்கொண்டு இரு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. நீ நூறு வயசு நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். படித்ததும் இதை அழித்துவிடு. அப்பா சொல்லும்போது உனக்கு அழுகை வந்தால் அழு, தப்பில்லை, ஆனால் முன்னாலேயே தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. அந்த மனுஷன் தானாக வாய் திறந்து சொல்லப்போகிற முதல் ஆள் நீதான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ம. சம்பூர்ணம்