பித்தான் இல்லாத சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா? தைலம் தேய்க்கிறாயா?

விரல் அடிக்கடி மரத்துப்போகிறது என்றேனே, எல்லாப் பரிசோதனையும் முடிந்தது.

“எல்லாம் நார்மல், சந்தோஷமாப் போங்க” என்றார் டாக்டர்.

“அப்புறம் ஏன் சார் மரத்துப்போகுது? நோய்க்கு ஒரு பேராவது சொல்லுங்க” என்றேன். சிரித்தார். சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று எனக்கே புரியவில்லை. எழுந்து சட்டையை மாட்டினால் விரல் மறுபடியும் மக்கர் பண்ணியது. நர்ஸம்மாதான் பித்தான் போட்டுவிட்டார். கம்பெனியில் நாள் முழுக்கப் பித்தான் தைக்கிறவன் நான்! அறையில் கூடத் தங்கியிருக்கிறவர்களிடம் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி யாரிடமாவது துணி கொடுத்தனுப்பினால், தலைவழியாக மாட்டுகிற சட்டையாகவே கொடு. காலையில் இங்கே எல்லோருக்கும் அவசரம். பித்தான் போட யாரைக் கூப்பிடுவது?

கம்பெனி வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

இப்படிக்கு,
எல்லாம் நார்மலான உன் மகன்