குதிகால் எலும்பு

அன்பின் சஹ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உம்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ கேட்கிறேன்.

"ஏன் போன்ல முகத்த மட்டும் காட்டுறீங்க?" என்று கேட்டாய். லீவில் ஏறாவூருக்கு வரும் றிப்ஷானிடம் பதிலைக் கொடுத்தனுப்புகிறேன். உம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

போன மாதம் காவலரணுக்குச் சமைக்க என்னை ஏற்றிப்போன இராணுவ வண்டியின் அடியில் கண்ணிவெடி வெடித்தது. வண்டி உடையவில்லை. இரும்புத் தளம் மட்டும் எழும்பி அடித்ததில் என் இடது குதிகால் எலும்பு நொறுங்கியது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பயப்படாதே, எலும்பு கூடி வருகிறதாம்.

புறப்படும்போதே சாரதி தாவூத், "கால கீழ வைக்காத, அரிசி மூட்டைக்கு மேல தூக்கி வை" என்றான். நான் வலது காலை மட்டும் தூக்கி வைத்தேன். அது தப்பியது. வண்டி ஓட்டியவன் எந்தக் காலைத் தூக்குவான்? அவனுக்கு இரண்டு கால்களும் முறிந்து, முதுகெலும்பும் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில்தான் கிடக்கிறான்.

"மற்றக் கால ஏன்டா தூக்கல்ல?" என்று நேற்றும் ஏசினான்.

றிப்ஷான் அவசரப்படுத்துகிறான். அவன் திரும்பும்போது சாறன் இரண்டு கொடுத்துவிடு, கட்டுக்கு மேல் கால்சட்டை ஏறாது. ஒன்று தாவூதுக்கு. அவனைத் தேடி இதுவரை ஒருவரும் வரவில்லை.

உன்
இஷாம்