குப்பியில் குறைந்த எண்ணெய்

1989, தை, வெள்ளி இரவு.

பெங்களூரில் நுரையீரல் ஒட்டாமல் விரிய மருந்து செலுத்திப் பிழைக்கவைத்து, நேற்று எங்கள் வார்டுக்கு அனுப்பிய குறைமாதக் குழந்தை. வாயில் விடச் சொல்லி வைட்டமின் ஈ சொட்டு மருந்து கொடுத்திருந்தேன். காலையில் குப்பி பாதி காலி. இவர்கள் ஊரான ஏரியூர்ப் பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டினால் மூக்கில் எண்ணெய் விடுவார்கள். இந்த மருந்தும் எண்ணெய்தான். நுரையீரலுக்குள் இறங்கினால் பெங்களூர் வைத்தியமே வீண்.

"மூக்குல வுட்டீங்களா?" என்று குழந்தையின் அப்பாவைக் கேட்டேன்.

"இல்லீங்க டாக்டரம்மா. வாயில வுட்டாப் பொரையேறுமேன்னு பயந்து உச்சியில வெச்சுட்டனுங்க."

தொட்டுப் பார்த்தேன். தலை பிசுபிசுத்தது. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

"உச்சிக்குத் தேங்காயெண்ணெய் போதுங்க, இது வாய்க்கு" என்றேன். திட்டத்தான் போயிருந்தேன்.